வலது பக்கத்து சீட்

நேற்று மந்தைவெளியில் ஒரு தண்ணி லாரி எனக்கு முன்னால் சடாரென்று பிரேக் அடித்தது. மெட்ரோ வேலைக்காக ரோட்டில் பாதியைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். மீதிப் பாதியில் ஆட்டோவும் மாடும் நானும். லாரியின் பின்சக்கரத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. வாணலியில் வெந்தயம் தீய்ந்தால் வருமே, அந்தக் கசப்பு. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் நின்று நன்றாக இழுத்தேன். பிரேக் லைனிங் கருகுகிற வாசனை அது. எனக்கு அது சேஷுவின் வாசனை.

சேஷு என்றால் சேஷாத்ரி, கோபாலபுரத்து பங்களாக்காரன். பேங்க் வேலை, நெற்றியில் மெல்லிசாக ஒரு கோடு, சட்டையில் மடிப்புக் கலையாது. நானோ ஐந்தாம் வகுப்பை முழுசாகப் பார்க்காதவன். அதை நான் மறைத்ததே இல்லை. கொஞ்சம் அதிகமாகவே சொல்லிக்கொள்வேன். வேப்பமரத்தடியில் ஒரு ஜாக்கியும் நாலு ஸ்பானருமாக ஆரம்பித்தவனுக்கு இன்றைக்கு மந்தைவெளியில் மூன்று மாடிக் கட்டிடம். கீழே ஒர்க்‌ஷாப், நடுவில் வாடகைக்கு ஒரு பல் டாக்டர், மேலே நான். பெயருக்குப் பின்னால் போடப் படிப்பு இல்லாததால் போர்டில் பெயரையே பெரிதாகப் போட்டுவிட்டேன். பஸ்ஸில் போகிறவர்கள் கூடப் படிக்கலாம்.

எங்கள் இருவரையும் சேர்த்தது ஒரு வண்டி. எழுபதுகளில் தூதரகத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது சேஷுவிடம் விற்றுவிட்டுப் போன அமெரிக்க வண்டி. இரண்டே கதவு, முதலை மாதிரி நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். லாயிட்ஸ் ரோட்டில் அதைக் கிளப்பினால் வீட்டு ஜன்னலெல்லாம் நடுங்கும். ஓட யானை பலம். நிற்க மட்டும் பலம் கிடையாது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். இரண்டு தடவை அழுத்திப் பிடித்தால் சூடாகி, மூன்றாவது தடவை நம் சொல்லைக் கேட்காது.

இன்னொரு விசேஷம், அதில் ஸ்டியரிங் இடது பக்கம். அப்படியானால் வலது பக்கம் உட்காருகிறவன் நான். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். டிராஃபிக் கான்ஸ்டபிள் ஒருவர் எனக்கு சல்யூட் வைத்தார். நானும் பதிலுக்கு வைத்தேன். சேஷு சிரித்ததில் வண்டியே கொஞ்சம் கோணலாகப் போயிற்று.

ஆனால் அந்த சீட்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. நம் ஊரில் முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் வலது பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். இடது பக்கம் உட்கார்ந்திருக்கிற சேஷுவுக்கு லாரியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. நான்தான் அவனுக்குக் கண்.

"எதிர்ல ஏதாவது வரதா பாருடா நைனா."

"இரு... இரு. ஒரு பஸ் வருது."

"போயிட்டானா?"

"போய்ட்டான். காலியாத்தான் கீது. வா... வா... அமுக்கு!"

'நைனா' என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அவன் வாயில் அது ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் விட மாட்டான். நான் 'வா' என்றால் வந்துவிடுவான், மறுபேச்சு கிடையாது. அதில் இருந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்று அப்போது நான் யோசித்ததில்லை. வேடிக்கை பார்ப்பதற்கே நேரம் போதவில்லை.

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் கார் பந்தயம் நடக்கும். சேஷுவுக்கு அதில் ஓட வேண்டும். என் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சட்டம் உண்டு: பிரேக்கைத் தொட்டவன் முதல் ஓட்டத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். சரியாகப் பூட்டியிருக்கிறேன் என்று வாயால் சொன்னால் போதாது, உடம்பால் சொல்ல வேண்டும். எங்கள் பையன்களுக்கு நான் போட்ட சட்டம் இது. எனக்கும் அதேதான். அதனால் புது லைனிங் போட்டு, பந்தயத்துக்கு முந்தின பயிற்சி நாளில் நானும் ஏறினேன். யாரும் கேட்கவில்லை, அந்தக் காலத்தில் யார் எதைக் கேட்டார்கள்?

ஓடுதளத்தின் கடைசியில் ஒரு வளைவு. சேஷு பிரேக்கை மிதித்தான். பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போயிற்று. அதே வெந்தய வாசனை. என் பக்கத்தில் பெடலே கிடையாது, ஆனாலும் நானும் முழு பலத்தோடு தரையை மிதித்தேன். வண்டி வைக்கோல் கட்டுகளுக்குள் புகுந்து நின்றது. வாயில் வந்த வைக்கோலைத் துப்பிவிட்டு சேஷு கேட்டான்: "ஏண்டா, நீயும் பிரேக் போட்டியோ?"

"போட்டேன். அதான் நின்னுச்சு."

அந்தக் கதையை இன்றுவரை நான் அப்படித்தான் சொல்லிவருகிறேன்.

அப்புறம் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் சல்லடை போட்டுத் தேடினோம். உடைத்த வண்டி ஒன்றிலிருந்து முன்சக்கரத்துக்கு, சூட்டைத் தாங்குகிற டிஸ்க் பிரேக் கிடைத்தது. அதைப் பொருத்துவதற்கு லேத்தில் கொடுத்து ஒரு தகடு கடைந்து வாங்கினேன். இந்த மெட்ராஸில் அமெரிக்க வண்டிக்கு டிஸ்க் மாற்றிய முதல் ஆள் நான்தான். சரி, இரண்டாவதாக இருக்கலாம். வளைவில் வண்டி படகு மாதிரி சாய்கிறது என்று பின்பக்க வில் ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டையைச் சேர்த்துக் கெட்டியாக்கினேன். சேஷுவின் அம்மா ஒரு தடவை கோவிலுக்கு அதில் போய்விட்டு வந்து சொன்னார்: "இடுப்பு போயிடுத்துடா சேஷு. இனிமே நான் ரிக்‌ஷால போயிக்கறேன்."

பிரேக் வேலை முடிந்தால் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். கீழே படுத்திருப்பவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்னத் திருகைத் திறப்பார். எண்ணெய் நுரையோடு பீய்ச்சும். திரும்ப மூடுகிற வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். சேஷு மேலே, நான் கீழே. நடுவில் ஒரு தகடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனாலோ என்னவோ, முகம் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் அந்தத் தகட்டின் வழியாகத்தான் சொல்லிக்கொண்டோம்.

"நைனா, அப்பா எனக்குப் பொண்ணு பார்த்துட்டார்."

"யோவ், காலை எடுக்காத! ம்... மூடிட்டேன், விடு. பொண்ணு எப்டி கீது?"

"வீணை வாசிக்கறாளாம்."

"நல்லதாப் போச்சு. உன் வண்டி சத்தத்துல அது யாருக்குக் கேக்கப் போவுது? அமுக்கு."

என் வீட்டுக்காரி போய்க் காரியமெல்லாம் முடிந்து நான் ஒர்க்‌ஷாப்பைத் திறந்த அன்று, சேஷு வண்டியோடு வந்து நின்றான். "பெடல் கொஞ்சம் பஞ்சா இருக்குடா, பாரேன்" என்றான். நான் கீழே போனேன். "அமுக்கு" என்றேன். அமுக்கினான். அதற்கப்புறம் எனக்குத் திருகைத் திறக்க முடியவில்லை. ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு மல்லாந்தபடியே கிடந்தேன். கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போயிற்று. 'திறந்தாச்சா' என்று அவன் கேட்கவில்லை. காலையும் எடுக்கவில்லை. எவ்வளவு நேரமோ, அமுக்கியபடியே உட்கார்ந்திருந்தான். மறுநாள் பேங்குக்கு நொண்டிக்கொண்டு போனான் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெடலில் ஒரு குறையும் இருக்கவில்லை.

போன மார்கழியில் சேஷு போய்விட்டான். பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த வண்டியை அவன் மகள் வைதேகி லாரியில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தாள். அடையாறில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. அப்பன் மூக்கு, அப்பன் சிரிப்பு.

"அங்கிள், இதை டிராக்ல ஓட்டற மாதிரி பண்ணித் தரணும்."

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இந்த வயதில் நானே வண்டிக்கு அடியில் படுத்தேன். பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், சம்பளம் கொடுப்பவன் நான். முன்னால் பெரிய டிஸ்க், பின்னாலும் டிஸ்க், ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கிற மாதிரி பிரேக்குக்கு இரட்டைக் குழாய், புது ஸ்பிரிங், கெட்டியான ஷாக் அப்சார்பர், வண்டி சாயாமல் இருக்க முன்னாலும் பின்னாலும் குறுக்குக் கம்பி. சாமானெல்லாம் எந்த ஊரிலிருந்தோ அவளே வரவழைத்தாள். சந்தேகம் வந்தால் போனில் படம் காட்டுவாள். எனக்குத் தெரியாததும் அதில் நிறைய இருந்தது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன். ராத்திரி படுத்தால் ஒரே நினைப்புதான். வேலை முடியும். முதல் ஓட்டம் வரும். வலது பக்கம் நான் உட்காருவேன். வேஷ்டி சரிவராது, பேண்ட் தைக்கக் கொடுக்க வேண்டும்.

காற்று எடுக்கிற நாள் வந்தது. "ஏறும்மா, பெடலை அமுக்கு" என்றேன். அவள் ஒரு சின்ன பம்ப்பை எடுத்துத் திருகில் மாட்டினாள். அது தானாகவே எண்ணெயை உறிஞ்சியது.

"ஒரே ஆள் போதும் அங்கிள்."

நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன். வலது பக்கத்து சீட்டைக் காணவில்லை. வெறும் தகடு.

"வெயிட் குறையணும்னு எடுத்துட்டேன் அங்கிள்."

"முதல் ஓட்டத்துக்கு நான் பக்கத்துல உக்காரணுமே பாப்பா. பிரேக்கத் தொட்டவன்..."

"தெரியும் அங்கிள். அப்பா சொல்லிண்டே இருப்பார். ஆனா அங்க டிரைவர் மட்டும்தான் போகலாம்." என் முகத்தைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டாள். "கவலைப்படாதீங்கோ. டிராக்ல எதிர்ல யாரும் வரமாட்டா."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டிராக்குக்குப் போன மாதம் போனோம். நான் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்றேன். புதுப் பேண்ட் போட்டிருந்தேன். வண்டி வளைவுக்கு வந்தது. முன்பெல்லாம் பிரேக் பிடித்தால் சாமி கும்பிடுகிறவர் மாதிரி மூக்கைத் தரையில் வைக்கும். இப்போது தலையே குனியவில்லை. கத்தி மாதிரி திரும்பிற்று. என் கால் மட்டும் கீழே சிமெண்ட்டை மிதித்துக்கொண்டிருந்தது. காற்று என் பக்கம்தான் அடித்தது. மோந்து பார்த்தேன். அந்த வாசனை வரவில்லை.

வைதேகி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தாள். "அங்கிள், பிரேக் பிரமாதம்!"

"நம்ம வேலையாச்சே" என்றேன். அங்கே நின்றிருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவளுக்கு இன்னும் ஓட்ட வேண்டியிருந்தது. நான் ஒரு கால் டாக்ஸி பிடித்து, முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பினேன். பெரிய ரோட்டில் நெரிசல் என்று டிரைவர் குன்றத்தூர் பக்கம் திருப்பினான். முன்னால் ஒரு மணல் லாரி. எனக்கு லாரியின் முதுகுதான் தெரிந்தது. எதிரே என்ன வருகிறது, எவ்வளவு தூரத்தில் வருகிறது, ஒன்றும் தெரியவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. இடது பக்கம் உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. இதை வைத்துக்கொண்டா சேஷு அத்தனை வருஷம் என் ஒரு வார்த்தைக்கு வண்டியை எடுத்தான்?

"வருதாப்பா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"இன்னா சார்?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

டிரைவர் அதற்கு முன்பே லாரியைத் தாண்டியிருந்தான். வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ரோடு தெரியுமே.