இறால் விழாத ஓட்டை

பொன்னேரிக் கடையில் என் வேலை மேசைக்காக டிரில் பிட்டுகளைப் புரட்டும்போது வந்த எண்ணெய் வாசனை, பழவேற்காட்டு ஏரிக்கரையில் நாங்கள் நைனா என்று கூப்பிட்ட அப்பாவின் படகுப் பட்டறை இருந்த, இப்போது வெறும் தண்ணீர் நிற்கும் இடத்துக்கு என்னை இழுத்துப்போனது. அங்கே ஒருநாள், பலகை நகராமல் பிடிக்க முளை செருகவேண்டும் என்று வேலை மேசையில் கட்டைவிரல் பருமனுக்குத் துளைபோட நைனா கிளம்பினார். ஞாயிறுதோறும் அதே மேசையில் இறால் காயவைக்கும் அம்மா குறுக்கே நின்றாள்.

"அம்மாம் பெரிய ஓட்டையில எறாலு வுழுந்தா பூனைக்குத்தான்யா."

"சின்ன முளை ஒடியும்டி. படகு உன் மூஞ்சி மாதிரி கோணிக்கும்."

அம்மா ஓர் இறாலை நீட்டினாள். நைனா அதை ஒவ்வொரு பிட்டோடும் வைத்துப் பார்த்து, கடைசியில் இறாலைவிடச் சன்னமானதையே மாட்டினார். முளைகள் ஒடிந்துகொண்டே இருந்தன. அவர் திட்டிக்கொண்டே புதிதாகச் செதுக்கினார்.

"இன்னா சைஸு?" என்றார் கடைக்காரர்.

என் வீட்டில் யாரும் இறால் காயவைப்பதில்லை.

"எறாலு வுழாத சைஸு" என்றேன்.