எக்ஸ்ரே உறைக்குள் ஒரு குதிரை

எங்கள் வீட்டு பீரோவுக்கு மேலே பழுப்பு நிற எக்ஸ்ரே உறை ஒன்று இருக்கிறது. அதற்குள் இரண்டு படங்கள். ஒன்று என் அம்மாவின் இடது மணிக்கட்டு. மற்றது ஒரு குதிரைத் தலை. கன்னங்கரேலென்று, சுற்றிலும் புகை போலச் சாம்பல் வெளிச்சத்தோடு. மார்கழி வானத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களில் கடைசி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தூசு மேகம் அது. இரண்டையும் எடுத்தவர் ஒருவரே. எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் எக்ஸ்ரே அக்கா.

2009இல் தேனியில், பெரியகுளம் சாலையை ஒட்டிப் புதிதாகப் போட்ட பிளாட்டுகளில் அவர் குடியிருந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அதே தெருவின் கோடியில் எங்கள் வாடகை வீடு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா நூல் மில்லில் நள்ளிரவு வரைக்கும் ஓடும் அரை நைட் ஷிப்ட் பார்த்து என்னை டிப்ளமா வரைக்கும் படிக்க வைத்தாள். படிப்பு முடிந்து, தெருவிளக்கு பராமரிக்கும் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்த புதிது. அக்கா வீட்டுத் தோட்டத்துச் சுவரை ஒட்டி நின்ற கம்பத்தில் சோடியம் பல்பு மாற்ற ஏறியபோதுதான், கீழே கறிவேப்பிலைச் செடிக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவில் போர்வை போர்த்திய ஒரு குழாயைப் பார்த்தேன்.

"என்னக்கா, குரங்கு விரட்டுற வெடிக்குழாயா?" என்று மேலிருந்தே கேட்டேன்.

"குரங்கு வந்தா உங்களக் கூப்பிடுறேன் தம்பி. இது டெலஸ்கோப்பு."

அன்று அவர் லேப்டாப்பில் காட்டிய படங்கள் எல்லாம் கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றியது போல இருந்தன. எங்கள் தெருவிளக்கின் நிறம் அது. மின்தடை நேரத்தில் எடுத்தால் என்ன என்று கேட்டேன். லாரி பேட்டரி வைத்திருக்கிறேன், எடுக்கலாம்தான், ஆனால் ஊரே விசிறிக்கொண்டு புழுங்கும்போது நான் மட்டும் சந்தோஷப்படுவது ஒரு மாதிரியாக இருக்கிறது என்றார். காலையில் எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவர், முன்னிரவில் தூங்கி, பதினோரு மணிக்கு எழுந்து, பத்து பத்து நிமிடமாக ஒரே இடத்தைப் படம் பிடிப்பார். கருவி ஒரு மயிரிழை அசைந்தாலும் அந்தப் பத்து நிமிடம் வீண். அலுக்கவே மாட்டார். "மூச்ச இழுத்துப் பிடிங்கன்னு நோயாளிட்ட சொல்றோம்ல? இங்கன எனக்கு நானே சொல்லிக்கிறேன்" என்பார். அவருக்காக ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. என் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தக் கம்பம்.

மார்கழியில் ஒரு நாள், நிலா இல்லாத ராத்திரி. அக்காவிடம் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், கம்பத்துப் பெட்டியைத் திறந்து தெருவிளக்குகளுக்கெல்லாம் பொதுவான பியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தெரு இருண்டது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, தானம் கொடுத்தவன் மாதிரி வானத்தைப் பார்த்தேன். மில் வேன் முக்கில் ஆளை இறக்கிவிட்டுப் போகும் நேரம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தடாலென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அம்மாவின் குரல்.

"ஏலே, எந்தப் பாவிப் பய லைட்டப் புடுங்குனான்? சாக்கடை எங்கன இருக்கு, ரோடு எங்கன இருக்குன்னு தெரியலையே!"

நான் ஓடுவதற்குள் எக்ஸ்ரே அக்கா டார்ச்சோடு வந்துவிட்டார். வந்த வேகத்தில் டெலஸ்கோப்பின் காலை இடித்துத் தள்ளியிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. சேறோடு அம்மாவைத் தன் வீட்டுக் கட்டிலில் உட்காரவைத்து, மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, அட்டையை வைத்துக் கட்டினார். பிறகு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். என் சட்டைப் பை தொங்குவதைப் பார்த்தார். கட்டையைக் கொடு என்று கையை நீட்டவில்லை. "அத மாட்டிட்டு வாங்க" என்றார். மாட்டிவிட்டு வந்து நின்றேன்.

"டெலஸ்கோப்புல மாட்டுற ஃபில்டர் கண்ணாடி வந்து நாலு நாளாச்சு தம்பி. அந்தக் குதிரை மேகத்தோட ஒரே ஒரு செவப்ப மட்டும்தான் உள்ள விடும். உங்க மஞ்சள் வெளிச்சம் எரிஞ்சாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" கையிலிருந்த டார்ச்சை அணைத்தார். "கேட்டிருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். இந்த வழியா எத்தன பொம்பளைக நடக்குறாக. அம்மாட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவரும் அவர்தான். எலும்பில் நூல் போல ஒரு கோடு. மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் அம்மா மில்லுக்குப் போகவில்லை. அடுப்படியில் நான் நின்றேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அம்மா, "படிச்ச பிள்ளை கொழம்பு வைக்குது பாரு" என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசுவாள். நான் குழம்பைக் கிளறப் போய்விடுவேன். அக்காவோ தெருவிளக்கு முழுதாக எரியும்போதே, விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தார். ஒருமுறைகூட என்னைப் பார்த்து "சொல்லிட்டீங்களா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

மாசி பிறந்ததும் கட்டுப் பிரித்தார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில், அக்காவும் இருக்கும்போதே, அம்மாவிடம் சொன்னேன். பியூஸ் கட்டையை உருவியது நான்தான் என்று. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கட்டுப் பிரித்த அதே கையால் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"கை நல்லாக் கூடிருச்சு தாயி!" என்றாள் அக்காவிடம். அதற்கப்புறம்தான் அழுதாள்.

அக்கா உள்ளே போய், பழைய எக்ஸ்ரேயை உறையோடு எடுத்து வந்தார். அதற்குள்ளேயே, எக்ஸ்ரே ஃபிலிமில் அச்சடித்த குதிரைப் படத்தையும் வைத்திருந்தார். எத்தனை நாளாக அதைத் தன் மேசைக்குள் வைத்துக் காத்திருந்தாரோ, நான் கேட்கவில்லை.

அக்கா மாறுதலாகிப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தக் கம்பத்தில் இப்போது வெள்ளை விளக்கு எரிகிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கு நான்தான் மேற்பார்வை. வேலையில் சேரும் பையன்களிடம் முதல் நாளே சொல்வேன்: ஒரு விளக்கை அணைப்பதற்கு முன்னால் அந்த வழியாக யார் வருகிறார்கள் என்று கேள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மா உறையை இறக்கச் சொல்வாள். இரண்டையும் டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இது என் கை, இது ஆகாசத்துக் குதிரை. ரெண்டும் எங்க தெருப் பொண்ணு எடுத்தது" என்பாள். குதிரையை எப்போதும் உடைந்து கூடிய அந்த இடது கையில்தான் பிடிப்பாள்.