ஐந்து துப்பாக்கியும் ஸ்டெல்லாவின் போஞ்சியும்

எயார் ரைபிள் பழக்கிக் கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: குறி பட்டால் சுட்டவருக்குப் பெயர், தப்பினால் துப்பாக்கிக்குப் பெயர், வாத்தியார் நடுவில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கலாம்.

குரங்குகளுக்காக மண் கொத்தி, குரங்குகளுக்காக உரம் போட்டு, குரங்கு வைத்த மிச்சத்தைச் சந்தைக்கு அனுப்பும் என் சக துன்பக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் ராத்திரி வேலை. காலையில் வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது. ராத்திரி வேலைக்காரனுக்குப் பகல் என்பது பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி. மேளச் சத்தமெல்லாம் கேட்கும், நமக்கு இலை போட மாட்டார்கள். அப்படித் தூங்காமல் கிடந்த பகல்களில்தான் தோட்டத்துத் துரை பங்களாவில் உடைந்து கிடந்த ஓர் எயார் ரைபிளைத் திருத்தித் தருகிறேன் என்று வாங்கி வந்து, கூட இருந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். படித்து முடித்ததும் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அறிவு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

எங்கள் மலைச்சரிவில் மேலிருந்து கீழே வரிசையாக ஐந்து காணிகள். அதற்கும் கீழே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம். லயத்துக்குப் பின்னால் ஒரு கீற்று நிலத்தில் என் மனைவி ஸ்டெல்லாவின் போஞ்சிப் பாத்தி, பீன்ஸ் கொடிகள். முழங்கால் போய், கொழுந்து எடுக்கும் வேலையை விட்டபிறகு அவளுக்கு இருப்பது அந்தப் பாத்திதான். குரங்கு வந்தால் தகரம் தட்டிக்கொண்டு, அந்த முழங்காலோடு சரிவில் ஏறி இறங்குவாள். விவசாயிகளுக்கான கமக்காரர் சங்கத்தில் குரங்கு விரட்ட எயார் ரைபிள் கொடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயர் எழுதியது நான். காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், கேட்டார்கள். லயத்து நிலம் தோட்டத்து நிலம். உறுதிக்கு எங்கே போவது? என் பெயருக்கு நேராகப் 'பின்னர் பார்க்கப்படும்' என்று எழுதினார்கள். உறுதி வைத்திருந்த ஐந்து பேருக்கும் ஐந்து துப்பாக்கி கிடைத்தது. ஐந்து பேரும் பழகிக்கொள்ள என்னிடம் வந்தார்கள்.

கனமா, பார்வையா

முதலில் வந்தவர் உச்சிக் காணிக்காரர், டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முதலாளி. சங்கத்தில் மூன்று வகை வைத்திருந்தார்கள். அவர் கனமானதையே எடுத்தார். கடையில் அரிசி மூட்டை எடுப்பதுபோல. புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தோளில் வைத்து, முப்பது வரை மெதுவாக எண்ணுங்கள். அதற்குள் குழல் நுனி ஆட ஆரம்பித்தால் அது உங்கள் துப்பாக்கி இல்லை. முதலாளி பதினொன்றிலேயே ஆடினார். ஆனாலும் மாற்றவில்லை. மேலே ஒரு தொலைநோக்கியும் பூட்டிக்கொண்டு வந்தார். சுருள்வில் துப்பாக்கி முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு முறை உதைக்கும், சாதாரணக் கண்ணாடி தாங்காது என்றேன். காதில் விழவில்லை.

கொல்வதற்கில்லை, மரத்தண்டில் பட்டுச் சத்தம் கேட்டாலே ஓடிவிடும் என்று சொல்லி, குரங்கு உட்கார்ந்திருந்த மரத்தைக் காட்டினேன். தொலைநோக்கியில் கண்ணை வைத்தவர் வைத்தபடியே நின்றார். சுடவில்லை. "என்னங்க மொதலாளி?" என்றேன்.

"அந்தோனி, இதுல பாத்தா அப்படியே என் மச்சான் மூஞ்சி. வீட்டுல தெரிஞ்சா சோறு கெடைக்குமாய்யா?" என்றார்.

இறுக்கிப் பிடித்த கை

தொலைநோக்கியைக் கழற்றிய பிறகு முதலாளி நன்றாகவே சுடப் பழகினார். சனிக்கிழமை மட்டும் துப்பாக்கியைத் தொட மாட்டார், ஆஞ்சநேயர் நாள். மற்ற ஆறு நாளும் அவருடைய கிழங்குப் பாத்திப் பக்கம் குரங்கு வரவில்லை. அதற்காகக் குரங்குகள் மலையை விட்டுப் போய்விடவில்லை. ஒரு காணி கீழே இறங்கி, குணபால ஐயாவின் கரட் பாத்தியில் உட்கார்ந்தன.

குணபால ஐயாவுக்கு எழுபது இருக்கும். துப்பாக்கியை ஆட்டுக்கடாவின் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார். இந்த வகைத் துப்பாக்கியை அப்படிப் பிடிக்கக் கூடாது. உள்ளங்கையை விரித்து அதன்மேல் சும்மா கிடத்த வேண்டும். உதைக்கிறபோது உதைக்க விட்டுவிட வேண்டும். வேலிக்கம்பு மேலே வைத்துச் சுட்டாலும் குண்டு மேலே போகும். இதையெல்லாம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டுக்கொண்டார். என்னைக் கூப்பிடுவது மட்டும் சிங்களத்தில், 'மல்லி', தம்பி என்று. எத்தனை தரம் சொன்னாலும் விசையை அழுத்தும் நேரம் விரல்கள் தாமாக இறுகிக்கொண்டன. கடைசியில் கையை விரித்து அவரே பார்த்துக்கொண்டார்.

"மல்லி, அம்பது வருஷம் மண்வெட்டி புடிச்ச கை இது. லேசா புடின்னு இன்னைக்கு சொன்னா, அதுக்கு எப்படி விளங்கும்?" என்றார்.

முள்ளுக்குப் பொட்டு

இரண்டு வாரத்தில் அந்தக் கைக்கும் விளங்கியது. குரங்குகள் இன்னொரு காணி இறங்கின. அது பென்சன் வாங்கிய கணக்கப்பிள்ளை ஐயாவின் பீட்ரூட். எல்லோரையும்விட வேகமாகப் பழகியவர் அவர்தான். ஒரு மாதம் டின்னுக்கு டின் அடித்தார். திடீரென்று ஒரு நாள் எல்லாக் குண்டும் கீழே விழ ஆரம்பித்தது. "நீ பழக்குனது ஒரு மாசத்துக்குத்தான் தாங்குமா?" என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். முதல் நாள்தான் ஆயுத பூஜை. கத்தி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, சைக்கிள், தையல் மெஷின் எல்லாவற்றோடும் துப்பாக்கியையும் வரிசையில் வைத்திருக்கிறார். குழல் நுனியில் குறி பார்க்கும் முள் இருக்கிறதே, அதன் தலையில் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம். பனியில் காய்ந்து நல்ல கெட்டி. முள் உயரமானால் அதைப் பின்குறியோடு சேர்க்க நாம் குழலைத் தாழ்த்துவோம். குண்டு கீழேதான் போகும். புத்தகம் எழுதிய வெள்ளைக்காரன் நூறு கோளாறு எழுதியிருந்தான், இதை எழுதவில்லை. சுரண்ட வேண்டும் என்றேன். சாமிக்கு வைத்ததை அவர் சுரண்டமாட்டார் என்று தெரிந்ததால் தயங்கிக்கொண்டேதான் சொன்னேன். ஐயா துப்பாக்கியை என் பக்கம் தள்ளினார்.

"நீ வேதக்காரன்தானேப்பா, சர்ச்சுக்குப் போறவன். நீ சுரண்டுனா பாவம் உனக்கு, குறி எனக்கு. நல்லா சுரண்டு."

எப்போதும் தயார்

அதோடு குரங்குகள் ரூபி டீச்சரின் கிழங்குப் பாத்திக்கு வந்துவிட்டன. இங்கே நனையக் கூடாத எதையும் அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது வழக்கம். விறகு, தீப்பெட்டி, பிள்ளைகள் காலில் போடும் சப்பாத்து. டீச்சரும் துப்பாக்கியை அங்கே வைத்தார். வைத்ததோடு விட்டாலும் பரவாயில்லை. குரங்கு வந்ததும் எடுத்துச் சுட வசதியாக, சுருள்வில்லை மடக்கி, குண்டையும் போட்டு வைத்தார். குண்டு போட்ட துப்பாக்கியை வீட்டுக்குள் வைக்கவே கூடாது, அதுவும் தலைக்கு மேலே. இதை நான் முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தேன். டீச்சர் குறிப்பும் எடுத்திருந்தார்.

பதினைந்து நாள் வில் மடங்கியே கிடந்து தளர்ந்துபோனது. உள்ளே இருந்த தோல் வாஷர் அடுப்புச் சூட்டில் அப்பளமாகிவிட்டது. பதினாறாம் நாள் குரங்கு வந்தது, டீச்சர் சுட்டார். குண்டு குழலிலிருந்து நிதானமாக வெளியே வந்து அவருடைய காலடியிலேயே விழுந்தது. குரங்கு இறங்கிவந்து அது என்னவென்று பார்த்ததாம். நான் வில்லையும் வாஷரையும் மாற்றினேன். டீச்சர் பழைய வில்லைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"பரீட்சைக்கு மொத நாள் விடிய விடிய முழிச்சிருந்துட்டு ஹோலுக்கு வந்து தூங்குற பிள்ளைகளை பாத்திருக்கேன், அந்தோனி. அதே மூஞ்சிதான் இதுக்கும்."

திருகாணி

புது வில் நன்றாக வேலை செய்தது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் ஒருவருக்கு ஒழுங்காகப் பழக்கினால் குரங்கு ஒரு காணி இறங்குகிறது. நான்கு பேரையும் ஒழுங்காகப் பழக்கியாயிற்று. மிச்சம் ராமலிங்கம் கோவா, அதாவது முட்டைக்கோஸ், போட்ட பாத்தி ஒன்றுதான். அதற்கு அடுத்தது ஸ்டெல்லா. ராமலிங்கம் என்னோடு அதே பெக்டரியில், அதே ராத்திரியில், தேயிலை காயவைக்கும் ட்ரையரில் நிற்கிறவன். தம்பி மாதிரி. அவனும் துப்பாக்கியோடு வந்து நின்றான்.

"அண்ணே, எனக்கும் காட்டிக் குடுங்க."

காட்டிக்கொடுத்தேன். பிடி, மூச்சு, விசை, குறிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது, எல்லாம். பிறகு, குறியைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி, பின்குறியின் திருகாணியை இடது பக்கம் மூன்று சுற்றுச் சுற்றிக் கொடுத்தேன். இருபது அடியில் ஒரு முழம் தள்ளிப் போகும். நியாயம் கேட்காதீர்கள். ஸ்டெல்லா அன்று காலை படியிறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று நாள் ராமலிங்கம் சுட்டான். மூன்று நாளும் குரங்குகள் அவன் கோவாவிலேயே குடியிருந்தன. போஞ்சிப் பக்கம் ஒன்றும் வரவில்லை. ஸ்டெல்லா தகரத்தைக் கீழே வைத்துவிட்டு, கொடிக்கடியில் பலகை போட்டு உட்கார்ந்து வெயில் காய்ந்தாள். நான்காம் நாள் ராமலிங்கம் வந்தான்.

"எனக்கு இது வராதுண்ணே. துப்பாக்கிய ஒங்க பேருக்கு மாத்திக் குடுக்க சொல்லி சங்கத்துல கேக்கப் போறேன். வாங்க போவோம்."

படிவத்தில் இல்லாத கட்டம்

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சட்டையை மாற்றிக்கொண்டு கூடவே போனேன். என் பெயரில் ஒரு துப்பாக்கி என்றால் சும்மாவா?

சங்கத்தில் உட்கார்ந்திருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். ராமலிங்கம் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, உறுதி இல்லாதவருக்கு மாற்ற முடியாது, வேண்டாம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம், வேறு ஊருக்குப் போகும் என்றார். ஐந்து பேருக்கும் பழக்கியவரே இவர்தான் என்று ராமலிங்கம் சண்டைக்கே போனான். உத்தியோகத்தர் ஒரு படிவத்தை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி, விரலால் வரி வரியாகக் காட்டினார்.

"நீங்க சொல்றது எனக்கு நல்லா விளங்குது ஐயா. ஆனா காணி இல்லாதவங்க தோட்டத்துக்கும் குரங்கு வரும்னு எழுத இதுல கட்டமே இல்லையே."

எல்லை

திரும்பி நடக்கும்போது கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. நான் பேசாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை துப்பாக்கி போய்விடும். குரங்குகள் ராமலிங்கத்தின் கோவாவிலேயே இருக்கும். ஸ்டெல்லா வெயில் காய்வாள். வாயை மூடிக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை. லயத்துத் திருப்பம் வரை அந்த வேலையைச் செய்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ராமலிங்கம், ஒனக்கு குறி தப்பல. திருகாணிய நான்தான் திருகுனேன்."

அவன் நடையை நிறுத்தவில்லை.

"தெரியுமேண்ணே. பத்து வருஷமா ட்ரையர்ல திருகாணியோட நிக்கிறவன் நான். நீங்க திருகுனத பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அண்ணி தகரம் தட்டாத மூணு பகலும் நான் தூங்குன தூக்கம் இருக்கே! கோவா போனா போகுதுன்னு விட்டுட்டேன். துப்பாக்கி ஒங்க கைக்கே வரட்டும்னுதான் சங்கத்துக்கும் கூப்பிட்டேன்."

வீட்டு வாசலில் வைத்துத் திருகாணியை மூன்று சுற்றுத் திருப்பினேன். முதல் குண்டிலேயே டின் உருண்டது. மறுநாள் காலை அவன் சுட்டான். குரங்குகள் நேராகப் போஞ்சிக்கு வந்தன. ஸ்டெல்லா தகரத்தைத் தேடி எழுந்திருப்பதற்குள் மேலே இருந்து வந்த குண்டு ஒன்று 'டொக்' என்று பட்டது, எங்கள் பாத்திக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத மண்மேட்டில். குரங்குகள் காட்டுக்குள் பாய்ந்தன. பார்த்தால், ராமலிங்கம் தன் காணியின் கடைசி ஓரத்தில், வேலிக்கு ஓர் அங்குலம் உள்ளே, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, தனக்குப் பின்னால் உட்கார இடமும் காட்டினான். எனக்குப் பயம் வந்துவிட்டது. காணி தாண்டிச் சுடுவதை உத்தியோகத்தர் கண்டால் துப்பாக்கிப் பர்மிட் போய்விடும் என்றேன்.

"நான் ஒக்காந்திருக்கிறது என் காணிண்ணே. சுடுறவன் எங்க நிக்கணும்னுதான் அந்தப் படிவத்துல இருக்கு, குண்டு யாரு போஞ்சிக்கு காவல் நிக்கணும்னு ஒரு வரியும் இல்ல. நீங்க போய் தூங்குங்க."

ஆகவே, புதிதாகத் துப்பாக்கி வாங்க நினைக்கும் என் சக துன்பக்காரர்களே, எடை, வில், பின்குறி எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அதை வாங்கப் போகும் பக்கத்துக் காணிக்காரரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.