ஸ்காபரோவில் பதினொரு புள்ளிகள்

யூஜினி என்ட்விசில் ஓரிடத்தில் இருந்து பழகாதவள். ரொறன்ரோவுக்கு வந்த முப்பத்தேழு வருடங்களில் ஒன்பது வீடு மாறியிருக்கிறாள். முதலில் பார்க்டேலில் நாலு பெண்களோடு ஒரு அறை. பிறகு மாடிக் கட்டடம் மாடிக் கட்டடமாகக் கிழக்கே நகர்ந்து, இப்போது வெக்ஸ்போர்ட்டில் நாலாம் மாடி. ஐம்பத்தொன்பது வயதிலும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். காலையில் ஒரு சுற்று, பின்னேரம் ஒரு சுற்று. இடைப்பட்ட நேரத்தில் மற்றச் சாரதிகள் பஸ் நிற்கும் வளவில் கோப்பி குடித்துக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். யூஜினி வளவைச் சுற்றி நடந்துகொண்டிருப்பாள்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி நடந்தபோதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவரும் ஒரு என்ட்விசில். லெஸ்லி என்ட்விசில், இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நில அளவையாளர். உலகத்தில் எங்கெங்கே தன் பெயர்க்காரர் இருக்கிறார்கள் என்று பதினாறு வருடமாகத் தேடிப் பதிந்து வருவதாக எழுதியிருந்தார். பழைய தொலைபேசிப் புத்தகங்கள், கல்லறைக் கற்கள், மரண அறிவித்தல்கள் எல்லாம் பார்த்திருந்தார். இரண்டு வரைபடங்களும் இணைத்திருந்தார்.

முதலாவது 1881ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை வைத்து வரைந்தது. போல்ட்டன் என்ற ஊரைச் சுற்றி, சீனியில் மொய்த்த எறும்பு போலப் புள்ளிகள். அந்தப் பக்கத்தில் என்ட்விசில் என்றே ஒரு சிற்றூர் இருக்கிறதாம். இரண்டு ஓடைகள் கூடும், நீர்ப்பறவை திரியும் முனை என்று பொருள். அந்தப் பறவை வாத்தா நீர்க்கோழியா என்பதில்தான் அறிந்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு. இரண்டாவது வரைபடம் இன்றையது. புள்ளிகள் கலைந்து லண்டன், அவுஸ்திரேலியா, அமெரிக்கா என்று சிதறியிருந்தன. கனடாவில், ஸ்காபரோவிலும் அஜக்ஸிலுமாகப் பதினொன்று ஒன்றாகக் கூடியிருந்தன.

"இந்தப் பதினொன்றை மட்டும் எந்தக் கிளையோடும் என்னால் சேர்க்க முடியவில்லை. நீங்கள் எந்தக் கிளை?" என்று லெஸ்லி கேட்டிருந்தார்.

யூஜினி பின்னேரச் சுற்றை ஐந்து நிமிடம் முந்தியே தொடங்கிவிட்டாள்.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் லெஸ்லி அல்ல. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளைக் கண்டால் விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார்கள். அது விளையாட்டு. இங்கே வந்த பிறகு அது விளையாட்டாக இருக்கவில்லை. அகதி விசாரணையில் அதிகாரி அவளுடைய ஞானஸ்நானப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கள் கணவர் ஆங்கிலேயரா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "தகப்பன்?" இல்லை. "அப்படியென்றால் இது யாருடைய பெயர்?" மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது, அவளுக்குப் பதில் தெரியவில்லை என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பெயர் அவளுடையதுதான் என்று யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிலிருந்து போதகரின் கடிதம் வந்துசேர நாலு மாதம் எடுத்தது. அந்த நாலு மாதமும் பார்க்டேலின் தெருக்களை நடந்தே தீர்த்தாள். காலுக்குள் புகுந்த அந்தப் பதற்றம் பிறகு போகவில்லை.

வேலை தேடிய காலத்தில் பெயர் கதவைத் திறந்தது, முகம் அதை மூடியது. ஒரு கணக்குக் கந்தோரில், வரவேற்பில் இருந்த பெண் "மிஸ் என்ட்விசில்" என்று கூப்பிட்டுவிட்டு, எழுந்து நின்ற யூஜினியின் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்தாள். அப்படி மூன்று இடம். நாலாவது இடம் பஸ் கம்பனி. அங்கே லைசென்ஸ் மட்டும்தான் கேட்டார்கள்.

அலெக்ஸாண்டரைக் கலியாணம் கட்டியபோது அந்தப் பெயர் தொலைந்தது என்று நிம்மதிப்பட்டாள். மகள் நிரூபாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவன் மொன்றியலில் வேலை என்று போனவன். முதலில் தொலைபேசி குறைந்தது, பிறகு நின்றது. ஒரு வருடம் பார்த்துவிட்டு, யூஜினி தன் பெயரையும் பிள்ளையின் பெயரையும் திரும்ப என்ட்விசில் என்று மாற்றினாள். வேறு பெயர் கைவசம் இருக்கவில்லை.

லெஸ்லியின் கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், சனிக்கிழமை அஜக்ஸில் இருக்கும் தமையன் டெனிஸ்டனிடம் போனாள். டெனிஸ்டனுக்கு அறுபத்தைந்து வயது. வாசல் கதவில் பித்தளை எழுத்தில் குடும்பப் பெயரைப் பதித்து வைத்திருப்பவர்.

"இதிலை யோசிக்க என்ன இருக்கு?" என்றார் டெனிஸ்டன். "எங்கட அப்பப்பா ஜேம்ஸைச் சின்ன வயசிலை ஒரு துரை சுவீகாரம் எடுத்தவர். பெடியனிட கெட்டித்தனத்தைக் கண்டு தன்ர பேரைக் குடுத்தவர். அப்பா எத்தினை தரம் சொன்னவர்."

"துரையிட முதல் பேர் என்ன அண்ணை?"

"அது தெரியேல்லை."

"அப்பப்பான்ர தாய் தேப்பன் ஆர்?"

"உதெல்லாம் இப்ப ஏன்? துரை எண்டு எழுதி அனுப்பு. அந்தாள் இரத்தச் சோதனை, எச்சில் சோதனை எண்டு கேட்டால் மாட்டம் எண்டு சொல்லு. துப்பிக் குடுத்து நிரூபிக்க நாங்கள் என்ன கள்ளரே?"

யூஜினி துரையின் கதையை எழுதி அனுப்பினாள். தெரிந்தது இவ்வளவுதான், பிழையாகவும் இருக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். பருத்தித்துறைப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஜேம்ஸ் படித்தார் என்பதையும் சொன்னாள்.

அதே கிழமை நிரூபா வந்தாள். அவளுக்கு முப்பது வயது, நாலு மாதக் கர்ப்பம். கணவன் வாகீசனோடு அஜக்ஸில் வாடகை வீட்டில் இருக்கிறாள். வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அம்மா, ஐ'ம் சேஞ்சிங் மை நேம். பிள்ளை பிறக்க முதல். நானும் வாகீசன் எண்டு மாறப் போறன்."

"ஏன்?"

"ஐ'ம் டயர்ட். ஒவ்வொரு புது வேலையிலையும் 'ஓ, நீங்கள் கலியாணம் கட்டினது வெள்ளைக்காரரையா' எண்டு கேக்கினம். இல்லை எண்டால் அடுத்த கேள்வி. இந்தப் பேர் எங்களுக்கு என்ன, யு நோ? யாரோ ஒரு வெள்ளைக்காரன் குத்தின முத்திரை."

"இது நான் உனக்குத் தந்த பேர்."

"உங்களுக்கு யார் தந்தது?"

யூஜினி எழுந்து கேத்தலைப் போட்டாள். அதை நிற்பாட்டினாள். ஜன்னலைத் திறந்தாள், குளிர் வந்ததும் மூடினாள். "அம்மா, பிளீஸ், ஒரு இடத்திலை இருங்கோ," என்றாள் மகள். இருக்க முடியவில்லை. நிரூபா போன பிறகு காரை எடுத்துக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஏறி, அஜக்ஸ் வரை ஓடி, யாருடைய வீட்டுக்கும் போகாமல் திரும்பினாள்.

அடுத்த ஆறு கிழமை அவள் வளவைச் சுற்றுவதை விட்டுத் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினாள். லெஸ்லியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. துரையின் கதை பொய் என்று தெரிந்து கைவிட்டுவிட்டார் என்று நினைத்தாள். ஒருநாள் எரிச்சலில், "என்ன கண்டுபிடித்தாலும் அப்படியே சொல்லுங்கள், எங்களுக்கு நல்லதா கெட்டதா என்று பார்க்க வேண்டாம்" என்று எழுதினாள்.

ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. மிஷன் பள்ளிக்கூடம் என்ற குறிப்பைப் பிடித்துக்கொண்டு லெஸ்லி தன் ஊரின் மூடப்பட்ட ஒரு தேவாலயத்தின் ஆண்டறிக்கைகளை ஆவணக்காப்பகத்தில் தேடியிருந்தார். அந்த நாளில் தூர தேசத்து மிஷன் விடுதியில் ஒரு பிள்ளையை ஆதரிக்கும் சபை, அந்தப் பிள்ளைக்குப் பெயரும் வைப்பதுண்டாம். இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

முதல் பக்கம் 1871. நெசவாலைக் கண்காணி ஒருவரின் மகள் ஹன்னா என்ட்விசில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுடைய நினைவாகச் சபையார் யாழ்ப்பாண விடுதியில் ஒரு சிறுமியை ஆதரிக்கத் தீர்மானித்தார்கள். "எட்டு வயது மதிக்கத்தக்கவள், கூரிய பார்வையுள்ளவள். முன்னைய பெயர் வள்ளியம்மை. இனி ஹன்னா என்ட்விசில் என்று அழைக்கப்படுவாள்."

இரண்டாவது பக்கம் 1895. விடுதியிலிருந்து வந்த கடிதத்தின் பகுதி. "நம்முடைய ஹன்னா இப்போது இங்கே ஆசிரியை. அவளுடைய கணவன் மலாயாவுக்குப் போய் ஐந்து வருடமாகச் செய்தி இல்லை. மகன் ஜேம்ஸைப் பள்ளியில் சேர்த்தபோது, தகப்பனின் பெயரை எழுத அவள் சம்மதிக்கவில்லை. தன் பெயரையே எழுதச் சொன்னாள். எழுதினோம்."

யூஜினி அதை பஸ்ஸின் சாரதி ஆசனத்தில் இருந்து வாசித்தாள். வாசித்து முடித்து, திரும்பவும் வாசித்தாள். மொன்றியலுக்குப் போனவனின் பெயரை வெட்டிவிட்டுத் தன் பெயரை எழுதிய பத்திரம் அவளுடைய அலுமாரியில் இன்னும் இருக்கிறது. பெயர் மாற்றிய அன்றைக்கு அரசாங்கக் கந்தோரில், உலகத்தில் தான் ஒருத்திதான் இப்படி என்ற வெட்கத்தோடு கையெழுத்து வைத்தாள்.

கடிதத்தின் முடிவில் லெஸ்லி தயக்கத்தோடு ஒரு விடயம் சொல்லியிருந்தார். இரத்த வழி இல்லாதவர்களைத் தன் ஆய்வில் ஒரு தனிக் கோப்பில் போடுவது வழக்கம். பதினொரு புள்ளிகளையும் வரைபடத்திலிருந்து எடுத்து அதற்குள் வைக்கட்டுமா?

யூஜினி அன்றே எழுதினாள். "எடுக்க வேண்டாம். எங்கள் பெயர் உங்கள் ஊரில் இருந்து வந்தது. ஆனால் எங்களுக்கு அதைத் தந்தது உங்கள் ஊர் இல்லை. வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானித்தவள் ஹன்னா. எங்கள் கிளைக்கு அவளைத் தலையாகப் போடுங்கள். வள்ளியம்மை என்றும் எழுதுங்கள்."

லெஸ்லி நாலு நாள் யோசித்தார் போலும். ஐந்தாம் நாள் ஒரு வரி வந்தது. அப்படியே செய்திருப்பதாகவும், பதினாறு வருடத்தில் ஒரு பெண்ணில் தொடங்கும் முதல் கிளை இதுவென்றும்.

யூஜினி டெனிஸ்டனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"உதை விட்டிடு," என்றார் அவர். "விட்டிட்டுப் போன மனிசன்ர கதையை ஊருக்குச் சொல்லி என்ன காணப்போறாய்? அப்பா துரை எண்டு சொன்னவர். அது துரையாவே இருக்கட்டும்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும் அண்ணை. தெரிஞ்சுதான் துரை எண்டு சொன்னவர்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

யூஜினி இரண்டு பக்கங்களையும் அச்செடுத்துக் கொண்டுபோய் நிரூபாவின் சமையலறை மேசையில் வைத்தாள். நிரூபா நின்றபடி வாசித்தாள். பிறகு கதிரையை இழுத்து இருந்து வாசித்தாள்.

"ஷி வாஸ் எய்ட்," என்றாள். "எட்டு வயசிலை அவளிட்டை ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"எனக்கு இப்ப இன்னும் கோவம் வருது அம்மா."

"வரட்டும். எனக்கும் வந்தது. ஆனா இரண்டாவது பக்கத்தையும் பார். அப்ப அவளுக்கு முப்பத்திரண்டு வயசு. அப்ப அவளிட்டைக் கேட்டவை. அவள் பதில் சொன்னவள்."

நிரூபா பெயர் மாற்றும் படிவத்தை அதற்குப் பிறகு அனுப்பவில்லை. கிழித்தும் போடவில்லை. அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தோடு தொங்கியது.

ஓகஸ்ட் மாதம் ஆண்பிள்ளை பிறந்தது. தமிழ் வழக்கப்படி தகப்பனின் பெயரையே பிள்ளைக்குக் குடும்பப் பெயராக வைத்தார்கள். தாயின் பெயர் என்ற இடத்தில் நிரூபா என்ட்விசில் என்று எழுதினாள். தன் பக்கத்தில் இந்தப் பெயர் தன் மகளோடு முடிகிறது என்று யூஜினிக்கு விளங்கியது. அது வலித்தது. பிள்ளையைத் தூக்கினாலும் ஓரிடத்தில் இருக்க வரவில்லை, தூக்கியபடியே ஆஸ்பத்திரி விறாந்தையில் நடந்தாள். பிள்ளைக்கு அது பிடித்திருந்தது.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, வாகீசன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வாகீசனின் மாமா ஒருவர் டெனிஸ்டனுக்குப் பக்கத்தில் இருந்தார். "உங்கட பேர் வித்தியாசமான பேர். எப்பிடி வந்தது?" என்று கேட்டார்.

"அது ஒரு கதை," என்று டெனிஸ்டன் சோற்றை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார். "எங்கட அப்பப்பாவை ஒரு துரை..."

"துரை இல்லை அண்ணை," என்றாள் யூஜினி. சொதிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "அப்பப்பான்ர தாய். மனிசன் மலாயாவுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. அவ தன்ர பேரைப் பிள்ளைக்கு எழுதினவ. அவ்வளவுதான்."

நிரூபா தாயைப் பார்த்தாள். டெனிஸ்டன் கையைக் கழுவிவிட்டு, பின்கதவால் வெளியே போய்ப் புல்லில் நின்றார். யூஜினி எல்லோருக்கும் சொதி விட்டு முடித்து, கிண்ணத்தை வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் போனாள். மன்னிப்புக் கேட்பதற்காகப் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அந்தப் பிள்ளை வள்ளியம்மை எந்த ஊர் எண்டு போட்டிருக்கோ?" என்று டெனிஸ்டன் வேலியைப் பார்த்தபடி கேட்டார்.

"இல்லை. பேரும் வயசும்தான்."

"லெஸ்லியிட்டைக் கேட்டியே?"

"கேக்கேல்லை."

"கேள். தாய் தேப்பன் ஆர் எண்டும் கேள்." அவளைத் திரும்பிப் பார்த்து, "எச்சில்தான் வேணுமெண்டால் நான் துப்பித் தாறன்," என்றார்.

யூஜினி தொலைபேசியை எடுத்து, புல்லில் மேலும் கீழும் நடந்துகொண்டே எழுதத் தொடங்கினாள்.