சிவப்புத் தட்டில் பனித்துளி

கண்ணை மூடினால் செல்வப்பிரியாவுக்குச் சிவப்பு வட்டங்கள் மிதந்து வரும். பாலக்காட்டில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில், ரத்தம் கலந்த தட்டுகளில் கிருமி வளர்ப்பது அவள் வேலை. பன்றியின் நுரையீரலைப் பிடிக்கும் கிருமி ஒன்று அந்தத் தட்டில் தனியாக முளைக்காது. வேறொரு கிருமியைக் கோடாக இழுத்துவிட்டால், கோட்டின் ஓரமாகப் பனித்துளிபோல் அரும்பும். சொந்த ஊரான எருத்தேன்பதிக்குப் போகும் பேருந்தில் அரைத்தூக்கத்தில் பார்க்கும்போது, வாய்க்காலோரப் பனைகள்கூட அப்படி அரும்பியவையாகத் தோன்றும்.

"பன்னி மூக்கத் தொடச்சுப்போட்டு நேரா உள்ள வராத, தண்ணி வாத்துட்டு வா!" என்பாள் அம்மா.

இந்த முறை பன்றிகள் சொந்த ஊர்க் கந்தப்பனுடையவை. கொட்டகை முழுக்க இருமல், சில செத்துவிட்டன. சளி எடுத்து வளர்த்துப் பார்த்தாள். தட்டுகளில் எதுவும் முளைக்கவில்லை. மறுபடி போனாள்.

"ஏனுங்கண்ணா, நான் வர்றதுக்கு முன்னால ஊசி ஏதாச்சும் போட்டீங்களா?"

"சேச்சே, இல்லீங்க அம்மிணி."

உள்ளேயிருந்து அவர் மனைவி பூவாத்தாள் கத்தினாள். "பொள்ளாச்சில வாங்கியாந்து குத்துனது நானா? சொல்லித்தொலைங்க!"

கந்தப்பன் கூரையைப் பார்த்தார்.

"அரைகுறையா கேக்கற மருந்து கிருமிய ஒளிச்சு வெக்குங்கண்ணா, கொல்லாது. ஊசி படாதது ஒண்ணாச்சும் இருக்குதுங்களா?"

"கருவாச்சி இருக்கறா. ஊட்டுக்குள்ள வளந்த குட்டி," என்றாள் பூவாத்தாள். "ஊசியப் பாத்தாக் கட்டிலுக்கடியில பூந்துக்குவா. இவரு புடிச்சுட்டாலும்!"

கருவாச்சி இப்போது கொட்டகை மூலையில் கிடந்தது. வயிறு துருத்திபோல் ஏறி இறங்கியது. மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டபோதுகூட அசையவில்லை.

"எந்த மருந்து கேக்கும்னு தெரியறவரைக்கும் தாங்குவாளுங்களா?" என்றாள் பூவாத்தாள்.

செல்வப்பிரியா பஞ்சுக்குச்சியைக் குழாயில் போட்டு மூடினாள். வாளையார்ப் பக்கத்துக் காற்று கொட்டகைத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. பேருந்திலும் கருவாச்சியின் மூச்சே காதில் கேட்டது.

மறுநாள் கோட்டோரம் பனித்துளிகள். அவற்றை எடுத்து, தனியாகவே முளைக்க வேண்டிய சத்தைச் சேர்த்த புதுத் தட்டில் பரப்பி, மருந்து வில்லைகளை வைத்தாள். அடுத்த காலையில், பொள்ளாச்சி மருந்தைச் சுற்றி மெலிந்த வளையம். இன்னொரு வில்லையைச் சுற்றி, நிலா கோட்டை கட்டியதுபோல் அகன்ற வெளி. கிருமி அங்கே நெருங்கவே இல்லை.

அன்றே கால்நடை டாக்டர் அந்த மருந்தோடு கந்தப்பன் வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றுக்கும் ஊசி போட்டார். கருவாச்சி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அடுத்த நாள் ஊசிக்கு அவரோடு செல்வப்பிரியாவும் போனாள். மூலை காலியாக இருந்தது. பூவாத்தாள் வீட்டு வாசலில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"டாக்டரோட பையப் பாத்துட்டாளுங்க!"

உள்ளே, கந்தப்பன் தரையில் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.