இறுக்காதேயுங்கோ, இது காபன்

சைக்கிள் ஓடுவதும் ஒரு தொழிலா என்று கேட்பவர்களுக்கு, சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணக் கம்பஸுக்குத் தினமும் சைக்கிளில் போய்வரும் ஒரு பெட்டைக்கு வழிநெடுக எத்தனை மேலதிகாரிகள் என்று தெரியாது. சம்பளம் இல்லை, லீவு இல்லை, ஆனால் கண்டவர் எல்லோருக்கும் பதில் சொல்லவேண்டும். உங்கள் வீட்டுக்கும் ஒரு புதுச் சாமான் வந்து, அதைப்பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் முறைவைத்துப் புத்தி சொல்ல, நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தால் கிட்ட வாருங்கள். நாங்கள் ஒரு கட்சி.

என் சாமான், நோர்வேயிலிருந்து சித்தப்பா விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த, கரியிழையில் வார்த்த காபன் சைக்ளோகுறொஸ் சைக்கிள். சேற்றிலும் மணலிலும் ஓடி, ஓட முடியாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு பாயும் ஒரு போட்டிக்காகச் செய்த வகை. "தம்பிக்குச் சோதனை எழுத முதலே மோட்டச்சைக்கிள், எனக்குக் கம்பஸ் கிடைச்ச பிறகும் பஸ்ஸோ?" என்று தொலைபேசியில் சித்தப்பாவோடு வாதாடி வென்றதற்குப் பரிசு. அப்பா அந்த வாதத்தில் பஸ்ஸின் பக்கம் நின்று தோற்றவர். தோற்றவர் சும்மா இருப்பாரா? ஒரு நிபந்தனை வைத்தார்: "நீ எண்டைக்கு சைக்கிள் பழுதாகி றோட்டிலை நிண்டு, ஆரும் எனக்குக் கோல் எடுக்கினமோ, அண்டையோடை உது திரும்பப் பெட்டிக்குள்ளை. நீ பழையபடி பஸ்."

பஸ் எனக்கு ஏன் வேண்டாம் என்பது அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குச் சொல்லாதே என்றதும் அம்மாதான். அதனால் அப்பாவிடம் உடற்பயிற்சி, சுற்றாடல், எரிபொருள் என்று வேறு காரணங்களை அடுக்கியிருந்தேன். அவர் அவற்றில் ஒன்றையும் நம்பவில்லை.

ஒறிஜினல்

பெட்டியை முற்றத்தில் வைத்துப் பிரித்தோம். பக்கத்து வீட்டு நேசன் அண்ணை கூப்பிடாமலே வந்துவிட்டார். ரைக்டர் வைத்திருப்பவர், அதனால் சில்லு உள்ள எதுவும் தன் இலாகா என்று நினைப்பவர். சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. நிறை இல்லாத சாமானில் அவருக்கு மரியாதை இல்லை. பிறகு கீழ்நோக்கி வளைந்த ஹான்டிலைப் பார்த்து, "பிள்ளை, இதைத் தலைகீழாப் பூட்டிப்போட்டாய்" என்றார். இது இப்படித்தான் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவருக்கு என்மேல் இரக்கம் கூடிக்கொண்டே போனது.

"அப்ப என்ன இரும்பிலை செய்தது?" என்று கேட்டார். இரும்பு இல்லை அண்ணை, காபன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "அண்ணை, உங்கடை தம்பி தந்தது காபன் கொப்பி. ஒறிஜினல் நோர்வேயிலை நிக்குது."

கிளிக்

சித்தப்பா திரும்பிப் போகும்போது என் கையில் இரண்டு பொருள் தந்தார். மாற்றுவதற்கு ஒரு சோடி பிறேக் கட்டை. பிறகு ஓர் அளவுச் சாவி. ஆணி போதுமான அளவு இறுகியதும் அந்தச் சாவி 'கிளிக்' என்று சத்தம் போடும். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். மீறி இறுக்கினால் இரும்பு பொறுத்துக்கொள்ளும், காபன் வெடிக்கும். அதுவும் வெளியே காட்டாமல் உள்ளுக்குள். ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் காட்டும். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை அரைவாசி.

சீற் தண்டைப் பூட்டினேன். கிளிக். கையை எடுத்தேன். "என்ன பிள்ளை, விரலாலை இறுக்கிப்போட்டு விடுறாய்? இன்னும் ரெண்டு சுத்துத் தாங்கும்" என்று ஸ்பானரோடு வந்தார் நேசன் அண்ணை. "இறுக்காதேயுங்கோ, இது காபன்!" என்று கத்தினேன். நட்டை இறுக்கவேண்டாம் என்று சண்டை பிடிக்கும் ஆளை முதல்முதலாகப் பார்ப்பதாக அப்பா சொன்னார். சண்டையில் வென்றேன் என்றுதான் நினைத்தேன். நேசன் அண்ணைக்குத் தேத்தண்ணி எடுக்க உள்ளே போய் வந்தபோது, மனுசன் இறுக்கி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய் ஆணியைத் தளர்த்தி, போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். தண்டு இறங்கும் இடத்துக்குக் கீழே, சட்டத்தில் மயிர் அளவில் ஒரு கறுப்புக் கோடு. வெடிப்போ, வேறு ஏதுமோ? விரலால் தேய்த்தேன், போகவில்லை.

நாணயத்தால் தட்டிப் பார்க்கலாம் என்று எங்கோ வாசித்தேன். நல்ல காபன் 'டக்' என்னும், வெடித்தது 'தொப்' என்னும். அன்றிலிருந்து விடிந்தால் முதல் வேலை அதுதான். ஒரு நாள் டக் மாதிரி இருக்கும், மறுநாள் தொப் மாதிரி இருக்கும். காதைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு நான் தட்டுவதைக் குசினி யன்னலால் பார்த்த அம்மா சொன்னா: "தேங்காய் மாதிரித் தட்டிப் பாக்கிறாய், முத்தலோ இளசோ எண்டாவது சொல்லன்."

சந்தைக்குப் பக்கத்துக் கடை

கம்பஸுக்கு ஓடுவதென்றால் மட்காட் வேண்டும், லைட் வேண்டும், பெல் வேண்டும். சந்தைக்குப் பக்கத்தில் உள்ள சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் நான் கேட்ட எதையும் எடுக்காமல், ஒரு கனத்த இரும்பு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்சில்லுப் பக்கம் குனிந்தார். அதைக் காபனில் வைத்து நெரித்தால் என் கதை முடிந்தது. மறித்துக்கொண்டு நின்றேன். ஸ்டாண்ட் வேண்டாம் என்றால் அப்ப கரியர் என்றார். கரியரும் பூட்டேலாது, நான் பையை முதுகில் போடுறனான் என்றேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, மெய்யாகவே கவலைப்பட்டவர் போலக் கேட்டார்: "கரியர் இல்லாட்டில் ஆரை ஏத்திறது?"

"ஒருத்தரையும் ஏத்திறேல்லை. நான் மட்டும் போறதுக்குத்தான் சைக்கிள்." இதில் என்ன பிழை என்று கேட்டு, கடை வாசலில் நின்றவர்களையும் சாட்சிக்கு அழைத்து, தனி ஆளாகப் போகும் உரிமை பற்றி நல்லதொரு உரை நிகழ்த்தினேன். கடைக்காரர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு மட்காட்டைப் பூட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "இப்ப உப்பிடித்தான் தங்கச்சி கதைப்பியள், கலியாணம் முடிச்ச பிறகு கரியருக்கு இஞ்சைதான் வருவியள்."

பால்

கோப்பாயில் வேலி வெட்டியிருந்தார்கள். கிளுவை முள்ளு ஒழுங்கை முழுக்கக் கிடந்தது. இந்தச் சைக்கிளின் ரயருக்குள் ரியூப் இல்லை. ஓட்டை விழுந்தால் தானாக அடைக்கட்டும் என்று உள்ளே ஒரு வெள்ளைத் திரவம் விட்டிருக்கிறது. அடைக்கும் என்பது சித்தப்பாவின் வாக்கு. அடைத்ததை நான் கண்டதில்லை. 'சீ' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் முன்சில்லிலிருந்து வெள்ளையாகப் பீச்சி அடிக்கிறது. இறங்கினேன். இறங்கினால் நிற்பது. நின்றால் பெட்டி. பெட்டி என்றால் பஸ். ஓட்டையைக் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு, தெரிந்த தேவாரம் எல்லாவற்றையும் கலந்து சொன்னேன்.

வெங்காயத்துக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்த ஓர் ஐயா மண்வெட்டியோடு வரம்பில் ஏறி வந்தார். என் சட்டையில் தெறித்ததைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார். அதற்குள் சீறல் குறைந்து, ஒரு குமிழி கட்டி, மெல்ல நின்றுவிட்டது. எனக்குப் போன உயிர் வந்தது. ஐயா மண்வெட்டிப் பிடியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "என்ன பிள்ளை பால் வடியுது, கண்டுக்குட்டி போட்டதோ?"

பிள்ளையார்

இத்தனை இடைஞ்சலுக்கும் காரணம், வாகனத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோகாததுதான் என்று அம்மா முடிவு கட்டினா. சைக்கிள் வாகனமா என்று வாதாடிப் பார்த்தேன். பிள்ளையார் எலியில் போறவர், உன்ரை சைக்கிளைக் குறைவா நினைக்கமாட்டார் என்றா. வெள்ளிக்கிழமை பூமாலை, பூசை, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம், எல்லாம் நடந்தது. ஐயருக்குப் பொட்டு வைக்க இடம்தான் கிடைக்கவில்லை. சட்டம் முழுக்கக் கறுப்பு. கடைசியில் சில்லின் நடுவில் பளபளவென்று இருந்த பிறேக் தட்டைக் கண்டுபிடித்து, முன்னும் பின்னும் சந்தனத்தைத் தாராளமாக அப்பிவிட்டார்.

அன்றிலிருந்து பிறேக் பிடித்தால் மயில் அகவியது. துடைத்தேன், கழுவினேன், நிற்கவில்லை. படலையடியில் நான் பிறேக் பிடித்தால் ஒழுங்கை முழுக்க எட்டிப் பார்க்கும். அம்மாவுக்கு வெட்கம். இரண்டு வீடு தள்ளி இருந்தவர்கள் "உங்கடை பிள்ளை வந்திட்டாள்" என்று அம்மாவுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். திடீரென்று ஒரு காலை, முற்றத்தில் உருட்டிப் பிடித்துப் பார்த்தால் சத்தமே இல்லை. மெல்ல உருட்டியதில் சில்லு நின்றது மாதிரித்தான் இருந்தது. சத்தம் போன சந்தோசத்தில் வேறு ஒன்றையும் நான் பார்க்கவில்லை. அம்மா வாசலில் நின்று சிரித்தா. "பாத்தியோ, பிள்ளையார் நிப்பாட்டிப்போட்டார்."

சேறு

கைதடி தாண்டி, உயர்ந்த அணைமேல் கோப்பாய்ப் பாலத்துக்குப் போகும் றோட்டு. இரண்டு பக்கமும் கடல்நீர் ஏறி வற்றும் சேற்றுவெளி. சோளகக் காற்று முகத்தில் அடிக்கிறது. எதிரே ஒரு மாட்டுப் பட்டி றோட்டைக் குறுக்கறுக்கிறது. இரண்டு பிறேக்கையும் பிடித்தேன். சத்தம் இல்லை. பிடியும் இல்லை. நெரித்துப் பிடித்தேன். வெண்ணெயைப் பிடித்தது மாதிரி இருந்தது. பசுக்கள் நகரவில்லை. எனக்கு அந்த நேரத்தில் உயிரைவிட முதலில் வந்த நினைவு, அந்த மயிர் அளவுக் கோடு. ஹான்டிலைத் திருப்பினேன். அணையிலிருந்து இறங்கி, சேற்றுக்குள் பாய்ந்து, அச்சுவரை புதைந்து நின்றது சைக்கிள். நான் அதற்கு அங்காலை கிடந்தேன். முழங்கை உரசியது தவிர ஒன்றுமில்லை.

இப்போது றோட்டில் நிற்கக்கூடாது என்பது மட்டும்தான் என் மூளையில் இருந்தது. சைக்கிளைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு அணையில் ஏறி, நிற்காமல் நடந்தேன். அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை அன்றுதான் செய்தது. பின்னால் ஒரு ரைக்டர் சத்தம். வேறு யார்? நேசன் அண்ணை. "பின்பெட்டியிலை ஏத்து பிள்ளை" என்றார். மாட்டேன் என்றேன். சும்மா நடக்கிறன் என்றேன். காற்று வாங்குகிறன் என்றேன். தலை தொடக்கம் கால்மட்டும் சேறு. அவர் ரைக்டரை என் வேகத்துக்கு மெதுவாக்கி, பக்கத்தில் விட்டுக்கொண்டே போனை எடுத்தார். "அண்ணை, உங்கடை சைக்கிள் மகளிலை ஏறிப் போகுது, ஒருக்கா வந்து பாருங்கோ."

விசாரணை

அப்பா தம்பியின் மோட்டச்சைக்கிளில் வந்தார். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "றோட்டிலை நிண்டால் எண்டு சொன்னனானெல்லோ?" என்றார்.

"நிக்கேல்லை அப்பா. முதல் சேத்துக்குள்ளை விழுந்தனான், பிறகு நடந்தனான். இந்தா, இப்ப நீங்கள் மறிச்சதாலைதான் நிக்கிறன்."

"நாக்கு மட்டும் முறியேல்லை. பிறேக் இல்லாத சைக்கிளிலை போறதிலும் பாக்க பஸ் திறமெல்லோ?"

உடற்பயிற்சி, சுற்றாடல் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. சேறு காய்ந்து கன்னத்தை இழுத்தது. "பஸ்ஸிலை எனக்குப் பின்னாலை வந்து நிக்கிறவங்களுக்கும் பிறேக் இல்லை அப்பா" என்றேன்.

அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கிய பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கடல்பக்கம் பார்த்தார். கொம்மாவுக்குத் தெரியுமோ என்று கேட்டார். ஓம் என்றேன். எனக்கு ஏன் சொல்லேல்லை என்று கேட்டார். எத்தனையோ வாதம் செய்தவள், கன்னத்துச் சேற்றைச் சுரண்டினேன். அப்பா என் தோளிலிருந்து சைக்கிளை இறக்கினார். என்ன செய்வதென்று தெரியாதவர் போலச் சில்லைச் சுற்றினார், பிறேக் தட்டை விரலால் தடவினார், விரலை மூக்கடியில் கொண்டுபோனார். "பிள்ளை, இது நல்லெண்ணெய்."

காணும்

"கத்திற கதவுக்கு எண்ணெய் விடுறேல்லையோ? அதுமாதிரித்தான்" என்றா அம்மா. அப்ப பிள்ளையார் நிப்பாட்டினவர் எண்டது பொய்யோ என்று கேட்டேன். பொய்யில்லை, அவரும் செய்தவர், நானும் கொஞ்சம் விட்டனான் என்றா. அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் கிணற்றடியில் போய் நின்று மெதுவாகக் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, என் முழங்கைக்கு மருந்து போட்டா.

அப்பா பாமசியில் ஸ்பிரிட் வாங்கிவந்து தட்டைத் துடைத்தார். நான் சித்தப்பா தந்த புதுக் கட்டையைப் போட்டேன். மிஞ்சிய ஸ்பிரிட்டால் அந்தக் கறுப்புக் கோட்டையும் தேய்த்தேன். அழிந்துவிட்டது. நேசன் அண்ணையின் ஸ்பானரில் இருந்த ஒயில் பிசுக்கு. கடைசி ஆணியை அப்பா தானே பூட்டினார். வேலிக்கு மேலால் நேசன் அண்ணை, "இன்னும் ரெண்டு சுத்து" என்றார். சாவி கிளிக் என்றது. அப்பா உடனே கையை எடுத்தார். "காணும் நேசன், இனி இறுக்கப்படாது."

ஆணிக்கு எந்த இடத்தில் கையை எடுக்கவேண்டும் என்று சொல்லும் சாவி நோர்வேயிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது, பெட்டைகளுக்கான சாவியை எந்த நாட்டுச் சித்தப்பா கொண்டுவருவார் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.