யாரும் எழுதாத பரீட்சை

அவளுக்குப் பயம் ஒன்றுதான் பூர்வீகச் சொத்து. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். அணைத்த அடுப்பை மறுபடி போய் அணைப்பாள். தம்பி அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘சந்தேகம்’. அவள் சந்தேகப்படுவதால் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் நிம்மதியாக இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

பகலில் நீர்வழங்கல் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை. மற்ற நேரத்தில் சம்பளமில்லாத இன்னொரு வேலை: யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்த ஒரு மென்பொருளைப் பராமரிப்பது. எங்கோ ஒருவர் தான் எழுதிய கணினி நிரலில் ஒரு வரியை மாற்றினால் போதும். அது எல்லாவற்றையும் புதிதாகக் கட்டி, நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவரே எழுதி வைத்த சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. பச்சை வந்ததை வெளியே அனுப்பலாம். ஏழு வருடமாக அந்தப் பச்சைக்கு அவள் காவல்.

ஒரு சனிக்கிழமை காலை, கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கடிதம் வந்தது. எழுதியவர், நோயாளிகளுக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப் செய்கிற நிறுவனத்தின் பொறியாளர். ‘ஆறு வாரத்துக்கு முன் எங்கள் சோதனைகள் இருந்த கோப்புறையின் பெயரை மாற்றினோம். உங்கள் மென்பொருள் பழைய பெயரிலேயே தேடியதால், அன்றிலிருந்து ஒரு சோதனைகூட ஓடவில்லை. ஆனாலும் தினமும் பச்சை வந்தது. வியாழக்கிழமை புது நிரல் இரண்டு மருத்துவமனைகளுக்குப் போய்விட்டது. தவறு எங்களுடையதா, உங்களுடையதா?’

திட்டியிருந்தால் தைரியமாக இருந்திருக்கும். மரியாதையாகக் கேட்டிருந்தார்.

ஒரு காலிக் கோப்புறையைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். பதினொரு விநாடி. பச்சை. கீழே சின்ன எழுத்தில்: ஓடிய சோதனை 0, தோல்வி 0.

இதற்கும் பச்சை காட்டச் சொல்லும் வரியை எழுதியது யார் என்று பார்த்தாள். இந்தத் தொழிலில் எந்த வரியை யார், என்றைக்கு, ஏன் மாற்றினார் என்பது அழியவே அழியாது. எட்டு மாதத்துக்கு முன், அவளேதான். ‘நான் இன்னும் சோதனையே எழுதவில்லை, அதற்குள் ஏன் சிவப்பு?’ என்று ஒரு புதியவர் புலம்பியிருந்தார். இரக்கப்பட்டு, தோல்வி இல்லாவிட்டால் பச்சை என்று மாற்றிவிட்டாள். யாரும் எழுதாத பரீட்சையில் யாரும் தோற்பதில்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி. உலகத்தையே சந்தேகப்பட்டவள் அந்தப் பச்சையை மட்டும் சந்தேகப்படவில்லை.

‘தவறு என்னுடையது. பம்புகளை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்’ என்று பதில் எழுதினாள். பிறகு, அந்த மென்பொருளைத் தொடங்கிய பெரியவருக்கு போன் போட்டாள். அவர் எதற்கும் அசராதவர்.

“ரெண்டு வரிதானேம்மா. சத்தமில்லாம திருத்தி விட்டுரு.”

“சத்தமில்லாம திருத்தினா, ஏற்கெனவே பச்சை வாங்கிட்டுப் போனவங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

“தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் நம்மள நம்புவானா? உன் பேரு நாறும். உங்க ஆபீஸ்லயும் படிப்பாங்க.”

“அந்த மாத்தத்துக்கு சரின்னு சொன்னது நீங்கதான்.”

“அதான்மா எனக்கும் பயமா இருக்கு.”

பயப்படுகிறவர்களுக்கு இருக்கும் ஒரே ஆறுதல், பயப்படாத ஒருவர் பக்கத்தில் இருப்பது. அதுவும் போயிற்று.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். “என் வண்டில கத்துக்கிறவன் தப்புப் பண்ணா, என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. உன்கிட்ட இருக்கா?”

“இல்லைங்க.”

“அப்ப ஹாரனையாவது அடிச்சுத் தொலை.”

அடித்தாள். ‘எட்டு மாதமாக வந்த பச்சையை நம்பாதீர்கள்’ என்று பொது அறிவிப்பு. எப்படிக் கண்டுபிடிப்பது, எதை நிறுத்துவது, யாருடைய தவறு. அங்கே தன் முழுப்பெயர். நான்கு எழுத்துப்பிழைகளோடு வெளியிட்டாள்.

ஒரு மணிக்குப் பம்புக்காரர் எழுதினார். இரண்டு மருத்துவமனைகளிலும் பம்பை அணைத்துவிட்டார்கள். நர்ஸுகள் சொட்டைக் கண்ணால் எண்ணுகிறார்கள். சோதனைகளைக் கையால் ஓட்டியதில் மூன்று தோல்வி. அதில் ஒன்று, நடுவில் நிறுத்தி மறுபடி போட்டால் பம்ப் முதல் சொட்டிலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. யாருக்காவது இரட்டிப்பாக ஏறியதா என்று பார்க்கிறார்கள். ‘இதுவரை இல்லை.’

‘இதுவரை’ என்ற சொல்லை அவள் நான்கு மணிவரை படித்துக்கொண்டிருந்தாள். நான்கரைக்கு அடுத்த கடிதம்: எல்லா நோயாளிகளின் குறிப்பும் பார்த்தாயிற்று, யாருக்கும் இரட்டிப்பாக ஏறவில்லை.

அதற்குள் அறிவிப்பின் கீழ் இருநூறு பேர் திட்டியிருந்தார்கள். சிலர் நன்றாகவே எழுதியிருந்தார்கள். பெரியவரும், ‘சரி சொன்னவன் நான்தான்’ என்று தன் பெயரைச் சேர்த்துவிட்டு, தன் பங்குக்குத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நடுவில் திட்டாத ஒன்று. ‘நாங்கள் ரயில்வே கேட்டை மூடித் திறக்கும் நிரல் எழுதுகிறோம். எங்களுக்கும் ஓடிய சோதனை பூஜ்யம். திங்கட்கிழமை பொருத்த இருந்தோம். நிறுத்திவிட்டோம்.’

நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல? அப்புறம் எதுக்கு இப்படி நடுங்கற?” என்றார் கணவர்.

“இத்தன நேரம் பம்ப நெனச்சு நடுங்கினேன். இப்பதாங்க ரயிலையும் நெனைக்கறேன்.”